பாலே கல்லச்சுப் படங்களைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1845 ஜூலை 12 அன்று லண்டனின் ஹெர் மெஜஸ்டிஸ் தியேட்டரில் மரீ தாக்லியோனி, கார்லோட்டா கிரிசி, ஃபான்னி செரிட்டோ, லூசில் கிரான் ஆகிய நான்கு பாலே நடனக்காரிகளும் ஒரே மேடையில் ஆடினார்கள். நடன அமைப்பாளர் ஜூல் பெரோ அமைத்த 'பா த காத்ர' (நால்வர் ஆட்டம்) அது. அதைப் பற்றிப் பேச்சு வந்தாலே ஓவியர் ஷாலனின் ஓவியத்தைக் கல்லில் வரைந்து அச்சிட்ட கல்லச்சுப் படம்தான் (லித்தோகிராஃப்) கண்முன் வரும். அதை மேடையில் எடுத்த புகைப்படம் போல நம்பிவிடுவதுதான் பெரிய தவறு.

அக்காலப் படங்களில் பாதங்களைக் கவனியுங்கள். உடம்புக்குப் பொருந்தாத அளவு சிறியவை. நுனிவிரல் தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். அப்போதைய சாட்டின் காலணியில் இன்று இருப்பது போலக் கெட்டியான முனை கிடையாது. நுனியில் நெருக்கமாகத் தையல் போட்டு, பாதத்தின் சொந்த பலத்தில்தான் எழ வேண்டும். சில கணங்களுக்கு மேல் நிற்பது கடினம். படம் அந்தக் கணத்தை நிரந்தரமாக்கிவிட்டது. அந்த உழைப்பை மறைத்து எடையில்லாத தேவதையைக் காட்டுவதால், நடனக்காரியின் திறமையே நம் கண்ணில் படாமல் போகிறது. எனக்கு இதில் மிகவும் வருத்தம்.

இன்று மேடையேறும் 'பா த காத்ர'வை பெரோவின் அசல் என்று நினைப்பதும் இதன் தொடர்ச்சிதான். 1936இல் கீத் லெஸ்டரும் 1941இல் ஆன்டன் டோலினும் புதிதாக அமைத்தவை அவை. நால்வரும் கூடி நிற்கும் நிலை படத்திலிருந்து வந்தது, ஆட்ட அடிகள் லெஸ்டரும் டோலினும் அமைத்தவை.

அப்புறம், வலது கால், இடது கால் என்று படத்தை வைத்து வாதம் செய்யாதீர்கள். சுண்ணாம்புக்கல்லில் எண்ணெய்ப்பசையுள்ள குச்சியால் வரைந்து, கல்லை நனைத்து, மை தடவி அச்சிடும்போது உருவம் இடம்வலமாக மாறிவிடும். கல்லில் வரைபவர் முன்கூட்டியே திருப்பி வரையாவிட்டால் காலும் மாறிவிடும். அந்த வேலையைச் செய்பவர் பெரும்பாலும் வேறொருவர்: ஷாலனின் ஓவியத்தைக் கல்லுக்குக் கொண்டுவந்தவர் டி. எச். மக்வயர். அவர் பெயரை விட்டுவிட்டுப் படத்தைக் குறிப்பிடுவது நியாயமில்லை.

உடையின் நிறத்தையும் சான்றாக எடுக்க வேண்டாம். பல பிரதிகளுக்கு அச்சிட்ட பிறகு கையால்தான் வண்ணம் பூசினார்கள். பிரதிக்குப் பிரதி மாறும்.

விலைக்கு வாங்குவதாக இருந்தால் உருப்பெருக்கியில் பாருங்கள். ஒழுங்கான வரிசையில் புள்ளிகள் தெரிந்தால் பிற்கால ஆஃப்செட் நகல். கல்லச்சில் குச்சியின் சொரசொரப்பு ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும்.