மிட்ஜெட் கார்களுக்கு எளிய விலையில் டர்போ எஞ்சின்: தேர்ந்தெடுப்பதும் விதிகளைக் காப்பதும்

அமெரிக்காவில் வட்டார அளவில் மிட்ஜெட் எனப்படும் சிறிய பந்தயக் கார்களின் போட்டிகளை நடத்தும் மன்றங்கள், குறைந்த செலவில் ஒரு டர்போ எஞ்சின் (வெளியேறும் புகையின் விசையால் கூடுதல் காற்றை உள்ளே அழுத்தும் எஞ்சின்) பிரிவைத் தொடங்க எண்ணினால் எங்கிருந்து தொடங்க வேண்டும், விதிகளை எப்படி எழுத வேண்டும், எழுதிய விதிகளைப் பந்தய இரவில் எப்படிச் சரிபார்க்க வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறேன். எஞ்சினைத் தேர்ந்தெடுப்பது இவற்றில் எளிதான பகுதி. சரிபார்ப்புதான் கடினமானது என்பதால் அதற்கே கூடுதல் இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

1933ல் லாஸ் ஏஞ்சலிஸில் இந்தப் பந்தயம் உருவெடுத்த காலத்திலேயே எஞ்சின் செலவுச் சிக்கலும் பிறந்துவிட்டது. கையில் கிடைத்த மோட்டார் சைக்கிள் எஞ்சினையும் படகு எஞ்சினையும் பூட்டி ஓட்டியவர்களுக்கு எதிரே, பந்தயத்துக்கென்றே செய்யப்பட்ட ஆஃபன்ஹவுசர் நான்கு சிலிண்டர் எஞ்சின் வந்து நின்றது. அதை வாங்க இயலாதவர்கள் ஃபோர்டின் சிறிய வி8 எஞ்சினோடு மல்லுக்கட்டினார்கள். பின்னாளில் ஃபோக்ஸ்வாகன் எஞ்சின்களும், வி8 எஞ்சினைப் பாதியாக்கியது போன்ற நான்கு சிலிண்டர் எஞ்சின்களும் வந்தன. இன்று தேசியத் தொடரில் முன்வரிசையில் ஓடும் எஞ்சின் ஒன்றின் விலை 50,000 டாலரை எட்டுகிறது. இதற்கு மாற்றாக, முத்திரையிட்ட ஃபோர்டு ஃபோக்கஸ் எஞ்சினையும், பிறகு ஹோண்டாவின் 2.4 லிட்டர் எஞ்சினையும் கொண்டு பிரிவுகள் நடத்தப்பட்டன. அவை டர்போ இல்லாத எஞ்சின்கள். டர்போ எஞ்சினின் கவர்ச்சி, தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே, உள்ளே எதையும் தொடாமல், போதிய திறனைத் தந்துவிடுவதில் இருக்கிறது. அதன் ஆபத்தும் அதே இடத்தில்தான் இருக்கிறது: டர்போ இல்லாத எஞ்சினில் 40 குதிரைத்திறனைக் கூட்ட எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டைக் கழற்ற வேண்டும், டர்போ எஞ்சினில் ஒரு குழாயையோ மென்பொருளில் ஓர் எண்ணையோ மாற்றினால் போதும்.

ஆகவே விதி எழுத அமரும்போது, எந்த எஞ்சின் என்பதற்கு முன், எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகலாம் என்பதை முடிவு செய்யுங்கள். பூஸ்ட் அழுத்தத்தை, அதாவது டர்போ காற்றை உள்ளே தள்ளும் அழுத்தத்தை, மட்டும் கட்டுப்படுத்துவது முதலில் தோன்றும் வழி. அந்த வழியில் போனவர்கள் பட்ட பாடு பதிவாகியிருக்கிறது. இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தில் 1974 முதல், பூஸ்ட் வரம்பை மீறினால் திறந்து அழுத்தத்தை வெளியேற்றும் பாப்-ஆஃப் வால்வு கட்டாயமாக்கப்பட்டது. 1979ல் சில அணிகள், டர்போவைச் சுழற்றாமல் மிகுதிப் புகையை வெளியே விடும் வேஸ்ட்கேட்டின் வெளியேற்றுக் குழாய்க்குள் துளை சிறுத்த செருகிகளை வைத்து, வால்வை மீறிப் பூஸ்ட் ஏறும்படி செய்தன. தகுதிச் சுற்று நேரங்கள் தள்ளுபடியாயின. விதி தெளிவாக இல்லை என்ற எதிர்ப்பு எழுந்து, கடைசியில் கூடுதல் வாய்ப்பு அளிக்கப்பட்டு, வழக்கமான 33க்குப் பதிலாக 35 கார்கள் அந்த ஆண்டுப் பந்தயத்தில் நின்றன. அத்தனை பெரிய அமைப்பையே திணறடித்த சிக்கலை, சனிக்கிழமை இரவில் இரண்டு பரிசோதகர்களை வைத்துச் சமாளிக்கலாம் என்று ஒரு வட்டார மன்றம் நம்பக் கூடாது.

அதனால் என் பரிந்துரை, டர்போவில் காற்றை அழுத்தும் பகுதியான கம்ப்ரசரின் வாயில் பொருத்தப்பட்டு, காற்று வழியைக் குறுக்கும் ரெஸ்ட்ரிக்டர் வளையம். குறுகிய துளையில் காற்றின் வேகம் ஒலியின் வேகத்தை எட்டியதும், டர்போ எவ்வளவு உறிஞ்சினாலும் அதற்கு மேல் காற்று போகாது. அதிகபட்சத் திறன் அங்கேயே கட்டுப்படும். உலக ராலிப் பந்தயங்களில் 34 மி.மீ. வளையத்தோடு 2 லிட்டர் எஞ்சின்கள் ஏறத்தாழ 300 குதிரைத்திறன் தந்தன. காற்றின் அளவு துளையின் பரப்பைப் பொறுத்தது என்பதால், 31 மி.மீ. வளையம் அதில் ஆறில் ஐந்து பங்கை, அதாவது 250 குதிரைத்திறனை ஒட்டி, அனுமதிக்கும். 450 கிலோவை ஒட்டிய எடையுள்ள மிட்ஜெட் காருக்குக் கால் மைல் களிமண் தளத்தில் அது தாராளம். அதே கணக்குப்படி, துளையை அரை மி.மீ. மட்டும் பெரிதாக்கினாலும் 3 விழுக்காட்டுக்கு மேல் காற்று கூடும் என்பதைப் பரிசோதகர்கள் மனத்தில் வைக்க வேண்டும்.

ரெஸ்ட்ரிக்டரையும் ஏமாற்ற முடியும். 1995ல் ஸ்பெயினின் கட்டலோனியா ராலியில் டொயோட்டா அணியின் கார்களில், குழாயை இறுக்கிப் பூட்டும்போது வளையம் நகர்ந்து சுற்றுவழியாகக் காற்று புகும்படியும், பரிசோதனைக்காகக் கழற்றும்போது அது தானாகச் சரியான இடத்துக்குத் திரும்பும்படியும் அமைத்திருந்தார்கள். அந்த அணிக்கு 12 மாதத் தடை விதிக்கப்பட்டது. இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை தெளிவானவை. வளையத்தை அணிகள் செய்யக் கூடாது. மன்றமே ஒரே வார்ப்பில், ஒரே கடைசலில் செய்து, எண் பொறித்து, பந்தய நாளில் குலுக்கல் முறையில் வழங்கி, முடிந்ததும் திரும்பப் பெற வேண்டும். ராலி விதிகளில் உள்ளதைப் போல, துளையின் குறுகலான பகுதி குறைந்தது 3 மி.மீ. நீளத்துக்கு மாறாத விட்டத்தோடு இருக்க வேண்டும். கம்ப்ரசர் சக்கரத்தின் இதழ்களிலிருந்து 50 மி.மீ.க்குள் அது அமைய வேண்டும். அது ரப்பர்க் குழாயில் செருகப்படாமல், கம்ப்ரசர் கூட்டிலேயே போல்ட்டால் பிணைக்கப்பட்டு, கண்ணுக்குத் தெரியும்படி கம்பி முத்திரை இடப்பட வேண்டும்.

எஞ்சினுக்கு வருவோம். பழைய கார் உதிரிபாகக் களங்களில் எளிதில் கிடைப்பதும், குறைந்தது பத்தாண்டுகளுக்குப் பாகங்கள் கிடைக்கும் என்று நம்பத்தக்கதுமான ஒரே எஞ்சின் குடும்பத்தைத் தேர்ந்தெடுங்கள். ஜெனரல் மோட்டார்ஸின் 2 லிட்டர் ஈகோடெக் டர்போ, பான்டியாக் சால்ஸ்டிஸ் போன்ற கார்களில் 260 குதிரைத்திறன் தந்தது. ஃபோர்டின் 2 லிட்டர் ஈகோபூஸ்டும் ஏறத்தாழ அதே அளவில் நிற்கிறது. இரண்டுமே நேரடி எரிபொருள் செலுத்தல் கொண்டவை என்பதால், மிட்ஜெட் உலகின் வழக்கமான மெத்தனாலை இவற்றில் ஊற்ற ஆசைப்படாதீர்கள். ஒரு கிலோ மெத்தனால் முழுமையாக எரிய 6.4 கிலோ காற்று போதும், பெட்ரோலுக்கு 14.7 கிலோ வேண்டும். அதாவது, அதே காற்றுக்கு இரு மடங்குக்கும் மேலான எரிபொருளைச் செலுத்த வேண்டியிருக்கும். தொழிற்சாலை பொருத்திய உயரழுத்தப் பம்ப்பும் இன்ஜெக்டர்களும் அதற்குத் தாங்கா. அவற்றை மாற்றத் தொடங்கினால் மலிவு என்ற பேச்சே முடிந்துவிடும். பம்ப் நிலையப் பெட்ரோலையே எரிபொருளாக வைத்து, தளத்தில் ஒரே பீப்பாயிலிருந்து அனைவருக்கும் வழங்குவது நல்லது.

காரில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, பெட்ரோலுக்கு மாறுவதன் விளைவு. மெத்தனால் ஆவியாகும்போது பெருமளவு வெப்பத்தை உறிஞ்சுவதால் மிட்ஜெட் கார்களின் ரேடியேட்டர்கள் சிறியவையாகவே இருந்து வந்திருக்கின்றன. பெட்ரோலில் ஓடும் டர்போ எஞ்சினுக்கு அந்த ரேடியேட்டர் போதாது. அதோடு, டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் இடம் தேவைப்படும். களிமண் தளத்தில் இரண்டும் சேற்றால் அடைபடும் என்பதால், வலைத் தடுப்பு இல்லாமல் தளத்தில் இறங்கக் கூடாது. இரண்டாவதாக, ஸ்டார்ட்டர் இல்லாமல், பின்னாலிருந்து தள்ளும் தள்ளு வண்டியால் கிளப்பப்படும் காரில், மின்னணுக் கட்டுப்பாட்டு எஞ்சினுக்கு நம்பகமான பேட்டரி தேவை. தள்ளும்போது மின்னழுத்தம் சரிந்தால் கணினி அணைந்து எஞ்சின் பிடிக்காது. மூன்றாவது, டர்போவின் தாமதம். வளைவு முழுவதும் திராட்டிலால் (ஆக்சிலரேட்டரால்) காரின் பின்பகுதியைச் சமன் செய்யும் ஓட்டுநருக்கு, மிதித்த பிறகு காத்திருந்து பாயும் எஞ்சின் ஆபத்தானது. ஆகவே தொழிற்சாலையின் சிறிய டர்போவையே கட்டாயமாக்குங்கள். பெரிய டர்போவை அனுமதிப்பதால் ரெஸ்ட்ரிக்டர் உள்ள பிரிவில் உச்சத் திறன் அதிகம் உயராது, செலவுதான் உயரும்.

ரெஸ்ட்ரிக்டர் உச்சத் திறனைத்தான் கட்டுப்படுத்தும். எஞ்சின் குறைந்த வேகத்தில் சுழலும்போது பூஸ்டை ஏற்றி முறுக்குவிசையைப் பெருக்குவதைத் தடுக்காது. அதனால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பகிரும் இன்டேக் மேனிஃபோல்டில் மன்றத்துக்குச் சொந்தமான ஓர் அழுத்த உணரியும் பதிவுக் கருவியும் இருக்க வேண்டும். உச்சவரம்பை வெற்றிடத்திலிருந்து கணக்கிடும் முழு அழுத்தமாக, எடுத்துக்காட்டாக 200 கிலோபாஸ்கல் என்று, எழுதுங்கள். வளிமண்டலத்துக்கு மேல் இவ்வளவு என்று எழுதினால், கடல் மட்டத்தில் ஒரு விதியும், 1,600 மீட்டர் உயரத்திலுள்ள டென்வரில் வேறொரு விதியுமாகிவிடும். எஞ்சின் கணினிகளையும் மன்றமே ஒரே மென்பொருளோடு வைத்திருந்து, ஹீட் எனப்படும் தொடக்கச் சுற்றுப் பந்தயங்களுக்கும் இறுதிப் பந்தயத்துக்கும் இடையே இரண்டு கார்களின் கணினிகளைக் கைமாற்றி ஓடச் செய்யலாம். மென்பொருளைப் படித்து ஆராயும் நிபுணர் இல்லாத மன்றத்துக்கு இதைவிட எளிய காவல் எனக்குத் தெரியவில்லை.

எஞ்சினின் உட்பகுதிக்கு முத்திரை வேண்டும். ஆனால் முத்திரையை மட்டும் நம்பக் கூடாது. ஜெனரல் மோட்டார்ஸ் முத்திரையிட்டு விற்ற 602, 604 பந்தய எஞ்சின்களின் முத்திரை போல்ட்டுகளுக்கே போலிகள் புழக்கத்துக்கு வந்தன. எண்ணிட்ட கம்பி முத்திரைகளைப் பயன்படுத்தி, ஒவ்வோர் எண்ணையும் படத்தோடு பதிவேட்டில் ஏற்றி, ஒவ்வொரு பந்தய இரவிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். இதோடு, குறித்த விலைக்கு எந்தப் போட்டியாளரும் வென்றவரின் எஞ்சினை வாங்கிக்கொள்ளலாம் என்ற விதியையும் சேர்த்தால், உள்ளே பணத்தைக் கொட்டும் ஆசை வெகுவாகக் குறையும்.

பந்தய இரவின் சரிபார்ப்பில் இரண்டு சோதனைகளை ஒருபோதும் விடாதீர்கள். முதலாவது, அளவு ஊசி, அதாவது துல்லியமான விட்டமுள்ள உருளை. 31.00 மி.மீ. ஊசி வளையத்துக்குள் போக வேண்டும், 31.05 மி.மீ. ஊசி போகக் கூடாது. எஞ்சின் சூடாக இருக்கும்போது இதைச் செய்தால் நேர்மையான அணியும் சிக்கிக்கொள்ளும்: அந்த அளவுள்ள அலுமினியத் துளை, 50 டிகிரி கூடுதல் வெப்பத்தில் 0.03 மி.மீ.க்கு மேல் விரியும். வளையத்தைக் கழற்றி, ஊசியின் பக்கத்திலேயே அரை மணி நேரம் வைத்து, இரண்டும் ஒரே வெப்பநிலைக்கு வந்த பிறகு அளந்திடுங்கள். இரண்டாவது, அடைப்புச் சோதனை. எஞ்சின் ஓடும்போது வளையத்தின் வாயை ரப்பர் அடைப்பால் மூடினால் அது உடனே நின்றுவிட வேண்டும்; நிற்காமல் இழுத்துக்கொண்டிருந்தால் வேறெங்கோ காற்று புகுகிறது. முதல் ஹீட்டுக்கு முன், பின்சக்கரங்களைத் தாங்கிகளில் உயர்த்தி எஞ்சினைச் சூடேற்றும் வேளையே இதற்கு ஏற்றது. அப்போது எஞ்சின் நின்றாலும், தளத்துக்குப் போக எப்படியும் தள்ளு வண்டி வரப்போகிறது. கையால் மூடுவதை யாரும் முயலக் கூடாது.

தண்டனைகளைத் தொடர் தொடங்குவதற்கு முன்பே எண்களோடு அச்சிட்டுவிடுங்கள். முத்திரை உடைந்திருந்தால் அன்றைய இரவின் புள்ளிகள் அனைத்தும் போகும். வளையத்தில் கைவைத்திருந்தால் பருவம் முழுவதும் தடை. பதிவுக் கருவியில் ஒரு நொடிக்குக் குறைவாக ஒரே ஒருமுறை அழுத்தம் மீறியிருந்தால் எச்சரிக்கை மட்டும். பருவத்தின் நடுவில் விதியை மாற்ற நேர்ந்தால், அந்த மாற்றம் எழுத்தில் வந்து குறைந்தது இரண்டு வாரங்கள் கழிந்த பிறகே செயலுக்கு வர வேண்டும். முறையீடு வரும்வரை, சர்ச்சைக்குள்ளான வளையத்தையும் முத்திரைகளையும் பதிவுக் கருவியையும் அணியின் கையொப்பத்தோடு உறையிலிட்டு, பரிசோதகர் அல்லாத ஒருவரின் பொறுப்பில் பூட்டி வைக்க வேண்டும். மறு அளவீடு நடக்கும்போது அந்த உறையை அணியினர் முன்னிலையில்தான் பிரிக்க வேண்டும்.