உணவகத்தின் அருகே உணவு வண்டி போடுவோர் கவனத்துக்கு

வேனை உணவு வண்டியாக மாற்றும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதலைப் பெறுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும் கட்டாயம். அடுப்புக்கு 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் கூடாது. 19 கிலோ வணிக சிலிண்டரையே வையுங்கள்.

இடம் பிடிப்பதுதான் பெரும்பாடு. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் இடம் மாறி விற்பவரையும் காக்கிறது என்பதால், உள்ளாட்சியில் விண்ணப்பித்து விற்பனைச் சான்றிதழ் பெற்று, அதில் குறிப்பிட்ட இடத்திலும் நேரத்திலும் மட்டும் வியாபாரம் செய்யுங்கள். அந்த இடத்திலிருந்து உங்களை அகற்ற உள்ளாட்சி 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். ஆகவே சான்றிதழின் நகல் எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

முதல் நாளே பக்கத்து உணவக உரிமையாளரை நேரில் பாருங்கள். மாதம் தவறாமல் வாடகை கட்டுபவரின் மனக்குறையில் நியாயம் உண்டு. அவர் தோசை விற்றால் நீங்கள் சூப்பும் சுண்டலும் விற்கலாம். தாளிப்புப் புகை அவர் வாசலுக்குள் போகாதபடி காற்றின் திசை பார்த்து வண்டியைத் திருப்பி நிறுத்துங்கள். என் அனுபவத்தில் சண்டைகள் பெரும்பாலும் வியாபாரப் போட்டியால் அல்ல, வாசலில் வழிந்தோடும் எச்சில் தண்ணீரால்தான் மூள்கின்றன. அதைக் கேனில் பிடித்து எடுத்துச் செல்லுங்கள்.