பனைவிதையோடு ஞாயிறு சைக்கிள் பயணம்: முதல்முறை நடத்துபவர்களுக்கு

நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு சைக்கிளில் போகணும், போன இடத்துக்கு உருப்படியாக ஏதாவது செஞ்சுட்டு வரணும் என்று நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். புதுக்கோட்டைப் பக்கம் மூன்று வருடமாக ஆவணி, புரட்டாசி ஞாயிறுகளில் பனைவிதை எடுத்துக்கொண்டு கண்மாய்க் கரைகளுக்குப் போய்வருகிறோம். சைக்கிளும் ஊர்க்காரியமும் சேர்வது இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த அறிவொளி இயக்கக் காலத்தில் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500 பேருக்கு மேல் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு நகருக்குள் வந்தார்கள். அந்த நாட்களில் பழகிய அக்கா ஒருவர் இன்றும் எங்களோடு மிதிக்கிறார்.

1. கண்மாயை முடிவு செய்யுங்கள்

ஆட்களை அப்புறம் சேர்க்கலாம். போக வர 15 கிலோமீட்டருக்குள் இருக்கட்டும். ஆயக்கட்டு (கண்மாய்த் தண்ணீரால் பாசனம் பெறும் நிலம்) 40 ஹெக்டேருக்கு மேலுள்ள கண்மாய் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். அனுமதியை அங்கே கேளுங்கள். அதோடு, மடை திறக்கும் நீர்பாய்ச்சியை ஒருநாள் முன்னதாகவே போய்ப் பாருங்கள். கரை எங்கே இளகியிருக்கிறது, மாடு எந்த வழியாக இறங்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மடை, கலிங்கு (உபரித் தண்ணீர் வழிந்தோடும் இடம்) பக்கத்தில் ஒரு விதைகூட ஊன்றாதீர்கள்.

2. விதையைப் பிரித்துக் கொடுங்கள்

முதல் தடவை மொத்த விதையையும் ஒரே சாக்கில் போட்டு ஒருவர் கேரியரில் ஏற்றினோம். பின்பாரம் இழுத்து, மேட்டில் முன்சக்கரம் தூக்கிக்கொண்டது. இப்போது ஆளுக்குப் பத்து விதை, ஒரு மஞ்சப்பை. பையை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டால் முன்சக்கரக் கம்பியில் மாட்டும்; கேரியரில் வைத்து, பழைய ட்யூபை நீளமாக வெட்டிய பட்டையால் கட்டுங்கள். கடையில் விற்கும் கொக்கிக் கயிற்றைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். கொக்கி தெறித்து முகத்தில் அடிக்கிற ஆபத்து இதில் கிடையாது.

3. யாரையும் வழியில் விடாதீர்கள்

எங்களுக்கு வினையாக வந்தது இந்த இடம்தான். முதல் பயணத்தில் 22 பேர். கியர் சைக்கிள்காரர்கள் முன்னால் பறந்தார்கள். அரசு கொடுத்த சைக்கிளில் வந்த பதினோராம் வகுப்புப் பெண்ணுக்கு ஒரு திருப்பத்தில் செயின் கழன்றது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கண்மாயில் தலை எண்ணியபோதுதான் ஒரு ஆள் குறைந்தது தெரிந்தது. நாங்கள் திரும்பிப் போனபோது, கையெல்லாம் கிரீஸோடு, பையை நெஞ்சில் அணைத்துக்கொண்டு புளியமரத்தடியில் நின்றாள். அப்புறம் இரண்டு மாதம் அவள் வீட்டில் அனுப்பவில்லை. அது நியாயமான கோபம்.

அன்றிலிருந்து மெதுவாக மிதிப்பவர்தான் முன்னால் போவார். அவரை யாரும் தாண்டக் கூடாது. கடைசியில் நன்றாக மிதிக்கத் தெரிந்த ஒருவர் பம்பு, ஸ்பேனர், பஞ்சர் சாமான்களோடு வருவார். அவருக்கு எங்கள் பெயர் ‘வால்’. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருவர் இறங்கி, வால் வந்து சேரும்வரை நிற்பார். கிளம்பும்போதும், பாதி வழியிலும், சேர்ந்த இடத்திலும் தலை எண்ணுங்கள். மணிக்கு 12 கிலோமீட்டர்கூட வராது, வரவும் வேண்டாம். இந்த வேகத்தில் போனால்தான் அம்மாக்களும் பள்ளிப் பிள்ளைகளும் அடுத்த வாரமும் வருவார்கள். கரையில் குனிந்து குழி தோண்டுவதும் பெரும்பாலும் அவர்கள்தான்.

4. பம்பு

சாதா சைக்கிள் வால்வு வேறு, பல கியர் சைக்கிள்களில் இருக்கும் பைக் வால்வு வேறு. இரண்டுக்கும் பொருந்தும் தலையுள்ள, நின்று அடிக்கிற பம்பை வாங்குங்கள். சட்டைப்பையில் போடுகிற குட்டிப் பம்பால் 20 பேர் கூட்டத்துக்குப் பிரயோஜனமில்லை. சாதா வால்வுக்கு மாட்டும் ரப்பர் வால்வு டியூப் ஒரு முழம் கையில் இருக்கட்டும். காற்று நிற்காத சைக்கிள்களில் பாதி அதை மாற்றியதும் சரியாகிவிடும்.

5. ஊன்றுதல்

முக்கால் அடிக் குழி, பத்தடி இடைவெளி, மண்ணை மூடி மிதித்துவிடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிட்டால் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. முளை முதலில் கீழே இறங்கும். மேலே இலை தெரிய மாதக்கணக்கில் ஆகும். முளைத்ததா என்று கிளறிப் பார்க்காதீர்கள்.

பிற்சேர்க்கை: ஊன்றியதையெல்லாம் தை மாதத்தில் பனங்கிழங்குக்காகத் தோண்டிவிட்டார்கள் என்று வாசகர் ஒருவர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். எங்களுக்கும் ஒரு கரையில் அப்படி ஆனது. இப்போது கூடுதலாக இரண்டு பை விதை கொண்டுபோய், அந்த ஊர்ப் பிள்ளைகளோடு சேர்ந்து பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கிழங்குக்கென்று தனிப் பாத்தி போட்டுக் கொடுக்கிறோம். போன தையில் அவர்கள் அவித்த கிழங்கை எங்களுக்கும் எடுத்து வைத்திருந்தார்கள். கரையில் ஒரு குழியும் தோண்டப்படவில்லை.