சிப்பி சேகரிப்போர் மன்றப் பணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்திலுள்ள மண்டபம் ஊரில் எங்கள் மன்றத்தின் சங்குப் பெட்டிகளைப் பல வருடமாகப் பார்த்துவருகிறேன். சம்பளம் கிடையாது, ஆசைதான். புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பெரிய தவறு, 'ஞாபகம் இருக்கும்' என்று சீட்டு எழுதாமல் விடுவது. எங்களோடு காலமெல்லாம் உழைத்த பெரியவர் ஒருவர் மறைந்தபின், அவர் வீட்டில் மூன்று பெட்டி நிறையச் சங்கும் சோழியும் இருந்தன. ஒன்றில்கூடச் சீட்டு இல்லை. எது எங்கே கிடைத்தது என்பது அவரோடு போய்விட்டது. இன்றும் அந்தப் பெட்டிகளைத் திறந்தால் மனம் கனக்கிறது.

இடம், தேதி, ஆழம், எந்த வலையில் வந்தது, கொடுத்த மீனவர் பெயர் எல்லாவற்றையும் அன்றே எழுதுங்கள். 'ராமேஸ்வரம் கடல்' என்றால் போதாது. இங்கே கடல் இரண்டு. வடக்கே ஆழம் குறைந்த பாக் விரிகுடா, தெற்கே பவளப்பாறைகள் நிறைந்த மன்னார் வளைகுடா. இரண்டிலும் வாழும் உயிர்கள் ஒன்றல்ல. 'வலம்புரி' என்று எழுதும்போதும் கவனம் வேண்டும். நாம் வலம்புரி என்பதை அறிவியல் நூல்கள் இடச்சுழி என்கின்றன. சங்கின் சுருள் கூம்பு மேலே இருக்க, வாய் நம்மைப் பார்க்கும்படி பிடித்தால், எந்தப் பக்கம் திறக்கிறது என்றும் குறித்துவிட்டால் குழப்பமில்லை.

அடுத்தது மர அலமாரி. மரத்திலிருந்தும் அட்டையிலிருந்தும் வரும் அமில ஆவி, நம் ஊர் ஈரக்காற்றோடு சேர்ந்து சங்கு, சோழி ஓடுகளை அரிக்கும். மேலே வெள்ளைப் பொடி பூக்கும். இரும்பு அலமாரியும் பிளாஸ்டிக் டப்பாவும் நல்லது. பளபளப்புக்காக ஆசிட்டில் கழுவவே வேண்டாம். ஓடு சுண்ணாம்புதானே, கரைந்துவிடும்.

உயிருள்ளதை எடுக்காதீர்கள். கூம்புச் சங்கு சிலவற்றின் கொட்டு ஆளையே கொல்லும், பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துப் போகும்போது இதை முதலில் சொல்லுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன, அங்கே எதையும் பொறுக்கக் கூடாது. விரல்போல நீட்சிகள் உள்ள ஐவிரல் சங்கு போன்றவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருப்பதால், யார் அன்பாகக் கொடுத்தாலும் மன்றத்துக்கு வாங்க வேண்டாம்.

அப்புறம், சாவியும் பேரேடும் ஒருவர் கையிலேயே இருப்பது. நானும் வெகுநாள் அப்படித்தான் வைத்திருந்தேன். இப்போது பேரேட்டுக்கு இரண்டு பிரதி. இரண்டாவது, பாம்பனிலிருந்து வரும் கல்லூரித் தம்பியிடம் இருக்கிறது. ஞாயிறுதோறும் சீட்டு எழுதுவது அவர்தான், நான் பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்க்கிறேன்.