பழைய கீபோர்டை மிடி வழியாகக் கணினியில் இணைத்தும் சத்தம் வரவில்லையா?

யுஎஸ்பி துளை இல்லாமல், பின்பக்கத்தில் ஐந்து ஊசிகளுக்கான வட்ட மிடி துளைகள் மட்டுமே உள்ள பழைய கீபோர்டை வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இசைக்கருவிகளும் கணினியும் செய்தி பரிமாறிக்கொள்வதற்கான பொது முறையான மிடி 1983-ல் அறிமுகமானது. அன்று வகுத்த செய்தி வடிவம் இன்றும் வழக்கில் இருப்பதால், 30 ஆண்டுப் பழைய கீபோர்டைக்கூட இன்றைய கணினியில் தாராளமாகப் பயன்படுத்தலாம். சத்தம் வரவில்லை என்றதும் பலரும் இசை மென்பொருளின் அமைப்புகளைக் குடையத் தொடங்கிவிடுகிறார்கள். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. மிடி கேபிளில் ஒலி போவதில்லை. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தமாக வாசிக்கப்பட்டது என்ற செய்தி மட்டுமே போகிறது. ஆகவே, அந்தச் செய்தி கணினிக்குள் வந்து சேருகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

முதலில் கேபிள். யுஎஸ்பி-மிடி கேபிளைக் கணினியில் நேரடியாகச் செருகுங்கள்; யுஎஸ்பி ஹப் வேண்டாம். பெரும்பாலான கேபிள்களுக்குத் தனி டிரைவர் தேவைப்படாது.

என்னை நெடுநேரம் அலைக்கழித்தது இதற்கு அடுத்த படிதான். கேபிளின் மறுமுனையில் 'இன்', 'அவுட்' என்று எழுதிய இரண்டு வட்ட முனைகள் இருக்கும். கீபோர்டின் பின்புறத்திலும் அதே சொற்கள் இருப்பதால், இன்னில் இன்னையும் அவுட்டில் அவுட்டையும் செருகுவதே இயல்பாகத் தோன்றும். ஆனால் கீபோர்டிலிருந்து வெளியேறும் செய்தி கணினிக்குள் நுழைய வேண்டும் என்பதால், கீபோர்டின் அவுட் கணினியின் இன்னோடு சேர வேண்டும். சில கேபிள்களில் 'இன்' என்பது கணினியின் உள்வழியைக் குறிக்கிறது. வேறு சிலவற்றில் கீபோர்டின் எந்தத் துளையில் செருக வேண்டும் என்பதைக் குறிக்கிறது. எழுத்தை நம்பிப் பயனில்லை. ஒருமுறை மாற்றிச் செருகிப் பாருங்கள். மிடியின் மின்னோட்டம் 5 மில்லிஆம்பியர் அளவே என்பதால் எதுவும் எரிந்துபோகாது. மூன்றாவதாக 'த்ரூ' என்ற துளை இருந்தால், அது இன்னில் வந்ததை அப்படியே கடத்துவதற்கானது. நீங்கள் வாசிப்பது அதன் வழியே வராது.

யமஹாவின் 1990-களின் சில கருவிகளில் 'ஹோஸ்ட் செலக்ட்' என்ற சிறிய நகர்த்து சுவிட்ச் ஒன்று பின்புறத்தில் இருக்கும். அது பிசி அல்லது மேக் என்ற நிலையில் இருந்தால் வட்டத் துளைகள் இயங்காது. 'மிடி' என்ற நிலைக்குத் தள்ளிவிட்டு, கருவியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

அடுத்து, செய்தியைக் கண்ணால் பார்ப்போம். வரும் மிடி செய்திகளைத் திரையில் வரிவரியாகக் காட்டும் நிரல்கள் உண்டு. விண்டோஸில் நான் பயன்படுத்துவது மிடி-ஆக்ஸ். தோற்றம் பழமையானதுதான், ஆனால் இந்த வேலைக்கு அதைவிட எளிதான ஒன்றை நான் பார்த்ததில்லை. மேக்கில் மிடி மானிட்டர் போதும். உள்வழியாக உங்கள் கேபிளைத் தேர்ந்துவிட்டு, நடு சி கட்டையை அழுத்துங்கள். 90 என்று தொடங்கும் வரி ஒன்று வந்தால், முதல் சேனலில் (மிடி செய்திகளைப் பிரித்து அனுப்பும் தடங்களில் முதலாவதில்) செய்தி வந்துவிட்டது. கட்டையை விட்டதும், விட்டதைக் குறிக்கும் 80 வராமல், மீண்டும் 90 வந்து கடைசி எண் 0 என்றிருந்தால் பழுதென்று எண்ண வேண்டாம். பல கீபோர்டுகள் அப்படித்தான் அனுப்பும். கட்டையைத் தொடாமலேயே எஃப்இ என்ற வரிகள் ஓடிக்கொண்டிருந்தால், கீபோர்டு தான் உயிரோடு இருப்பதை அறிவிக்கிறது என்று பொருள். அந்த வரிகள் மட்டும் வந்து, கட்டையை அழுத்தியும் 90 வரவில்லை என்றால், கேபிள் சரி, கோளாறு கீபோர்டின் அமைப்பில் இருக்கிறது.

வரிகள் ஒழுங்காக வந்தும் இசை மென்பொருள் அசையவில்லை என்றால், மிடி-ஆக்ஸை மூடுங்கள். விண்டோஸில் பல டிரைவர்கள் ஒரு நேரத்தில் ஒரு நிரலுக்கு மட்டுமே போர்ட்டைத் தருகின்றன. பிறகு மென்பொருளில் அந்த உள்வழியை இயக்கி, சேனலை 'எல்லாம்' என்று வையுங்கள்.

சத்தம் தாமதித்து வருவதற்குக் கேபிளைக் குறை சொல்ல வேண்டாம். மிடியின் வேகம் நொடிக்கு 31,250 பிட். ஒரு கட்டையின் செய்தி கடக்க ஏறக்குறைய 1 மில்லிநொடியே ஆகும். தாமதம் ஒலிப்பக்கத்தின் பஃபரில், அதாவது ஒலியை வெளியிடும் முன் கணினி சேர்த்துவைக்கும் இடத்தில், உண்டாகிறது: 44,100 ஹெர்ட்ஸில் பஃபரின் அளவு 1024 மாதிரிகள் என்றால் 23 மில்லிநொடி, 256 என்றால் 6-க்கும் குறைவு. தனி ஆடியோ இன்டர்ஃபேஸ் இல்லாத விண்டோஸ்காரர்கள், தாமதத்தைக் குறைக்கும் ஒலி டிரைவரான ஏசியோ4ஆல் நிறுவி 256-ல் தொடங்கலாம்.

ஒருசில கட்டைகள் மட்டும் பேசாமலோ, மெதுவாகத் தொட்டாலும் உரக்க ஒலித்தாலோ, அது கணினிச் சிக்கலே அல்ல. கட்டைகளுக்கு அடியில் உள்ள ரப்பர் தொடுமுனைகளில் அழுக்கு சேர்ந்திருக்கும். கருவியைக் கழற்றத் தயங்காதவர்கள், மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் மெல்லத் துடைக்கலாம். கரும்படலத்தைச் சுரண்டிவிடாதீர்கள்.

பிற்சேர்க்கை: இதைப் படித்தவர்கள் கேட்ட இரண்டு ஐயங்களையும் சேர்த்துவிடுகிறேன். ஒரே கட்டைக்கு இரட்டைச் சத்தம் கேட்டால், கீபோர்டின் சொந்த ஒலியும் மென்பொருளின் ஒலியும் ஒன்றாக வருகின்றன. கீபோர்டில் 'லோக்கல் கன்ட்ரோல்' என்பதை அணையுங்கள், அந்த வசதி இல்லையேல் அதன் ஒலியளவைக் குறைத்துவிடுங்கள். சஸ்டெயின் பெடல் தலைகீழாக, அதாவது மிதிக்காதபோது ஒலியை நீட்டினால், கீபோர்டை அணைத்து, பெடலைச் செருகி, அதன்மேல் காலை வைக்காமல் மீண்டும் போடுங்கள். பல கருவிகள் பெடலின் வகையைத் தொடங்கும் நேரத்தில்தான் கண்டுகொள்கின்றன.