மூங்கில் கணுவில் வெள்ளைப் பஞ்சு: என் அனுபவம்

ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊரான உச்சிப்புளியில் எங்கள் தென்னந்தோப்பு வேலியோர மூங்கிலில் கணுவைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு அப்பியிருந்தது. கீழ் இலைகளில் பிசுபிசுப்பு, அதன் மேல் கரும்பூசணம். மருந்துக்கடையில் மாவுப்பூச்சி என்றார்கள். பக்கத்துத் தோப்பு அண்ணன், "உப்புக்காத்துதான் தம்பி" என்றார். உப்புக்காற்று இலை நுனியைக் கருக்கும், சரி. சாறு உறிஞ்சும் பூச்சி இல்லாமல் பிசுபிசுப்பு எங்கிருந்து வரும்?

பஞ்சை வெள்ளைத்தாளில் தட்டி 10 மடங்கு லென்ஸில் பார்த்தேன். கரும்பழுப்பு உருண்டைப் பூச்சிகள். சில குஞ்சுகளுக்கு மட்டும் நெற்றியில் இரண்டு கூர்கொம்பு, முன்னங்கால் தடித்து இடுக்கி போல. கூட்டத்தைத் தின்ன வரும் புழுக்களைப் பிடித்துக் குத்தும் காவல்படை அது. மாவுப்பூச்சியில் இப்படி ஏது? தண்டில் கூட்டமாக, மெழுகுப் பஞ்சோடு இருந்ததால் சூடோரெக்மா பேரின அசுவினி (செடிப்பேன்) என்று முடிவுக்கு வந்தேன். மூங்கிலில் வரும் இன்னொரு அசுவினியான டகேகாலிஸ் என்றால் இலையில் இருக்கும். அதில் வளர்ந்தவற்றுக்கு இறக்கை உண்டு, பஞ்சு கிடையாது. இனம் வரை சொல்ல நுண்ணோக்கி வேண்டும். அதற்காகக் கொஞ்சத்தை ஆல்கஹாலில் போட்டு வைத்தேன்.

அப்புறம் மோசமான கழிகளை வெட்டி எரித்தேன். மற்றதில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்பில் கலந்து மாலையில் அடித்தேன். எங்கள் போர் தண்ணீரில் சோப்பு திரிந்துவிடும், குடத்தில் வாங்கும் நல்ல தண்ணீர்தான் சரிப்பட்டது. வாரம் ஒருமுறை அடித்ததில் புதுக்குருத்து சுத்தமாக வருகிறது.