உயரக்கோலடிக்குப் போகும் முன்: சிறு பிள்ளைகளை ரைடில் ஏற்றுவோர் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்குக்கு என்3 சாலையில் ஏறக்குறைய 570 கிலோமீட்டர். விடுமுறைக்கு ஆயா, தாத்தா, சித்தப்பா பிள்ளைகள் என்று இரண்டு வண்டியில் கிளம்பிப் போய், அங்குள்ள பொழுதுபோக்குப் பூங்காவான கோல்ட் ரீஃப் சிட்டியில் வெயிலில் வரிசை பிடித்து நின்று, கடைசியில் ரைடு வாசலில் உயரம் அளக்க நட்டிருக்கும் உயரக்கோலடியில் பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிட்டால் அன்றைய நாளே கெட்டுப்போகும். குறைவது பெரும்பாலும் ஒன்றிரண்டு செ.மீ.தான். அதை வீட்டுச் சுவரிலேயே கண்டுகொள்ளலாம்.

கோல் எதை அளக்கிறது

உயரக்கோலுக்குப் பிள்ளையின் வயதும் தெரியாது, தைரியமும் தெரியாது. இருக்கையில் உட்கார்ந்தால் உடம்புக்கும் பிடிகம்பிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விழும் என்பதை வாசலிலேயே ஊகிக்கும் வழி அது. இருக்கையின் ஆழம் என்ன, மடிமேல் இறங்கும் கம்பி எதுவரை இறங்கும், வண்டி எந்தப் பக்கம் எவ்வளவு விசையோடு தள்ளும் என்றெல்லாம் கணக்குப் பார்த்து ரைடைக் கட்டும் நிறுவனம் உயரத்தைக் குறிக்கிறது. அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் எஃப்2291, ஐரோப்பாவின் ஈஎன் 13814 ஆகிய தரங்கள் இந்த வடிவமைப்புக்கு அடிப்படை. பூங்கா அந்த அளவைக் கூட்டிக்கொள்ளலாம். தன் விருப்பத்துக்குக் குறைக்கக்கூடாது. நம் தென்னாப்பிரிக்காவில் இந்த இயந்திரங்கள் 1993-ஆம் ஆண்டின் தொழில்சார் உடல்நலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன.

குட்டையான பிள்ளை பெரிய இருக்கையில் உட்கார்ந்தால் முழங்கால் விளிம்பை எட்டாது. காலை மடக்க முன்னால் நகரும். முதுகு சாய்மானத்தை விட்டு வந்துவிடும். வண்டி மேட்டைத் தாண்டி இறங்கும் கணத்தில் உடம்பு எழும்பும் அல்லவா, அப்போது பிடிக்க வேண்டியது இடுப்பெலும்பை ஒட்டித் தொடைமேல் அழுந்திய கம்பி. கம்பி வயிற்றின் மேல் நின்றால் பிள்ளை அடியில் வழுகிப் போகும். தளர்ந்து நின்றால் மேலே கிளம்பும். தோள்மேல் கவியும் கம்பி என்றால் வேறு சிக்கல்: தோள் இருக்க வேண்டிய இடத்தில் பிள்ளையின் காது வந்துவிடும், பக்கவாட்டில் உலுக்கும்போதெல்லாம் தலை கம்பியில் மோதும். கோல்ட் ரீஃப் சிட்டியில் 1999-இல் வந்த அனகோண்டா அப்படிப்பட்டது. கால் தொங்க, தண்டவாளம் தலைக்கு மேலே ஓட, தோள்கம்பி ஒன்றையே நம்பிப் போகிற ரைடு.

இடைவெளி எவ்வளவு கொடியது என்பதற்கு ஒரு கசப்பான சான்று உண்டு. 2022 மார்ச்சில் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் 14 வயதுப் பையன் ஒருவன் உயரத்திலிருந்து விழும் கோபுர ரைடிலிருந்து தவறி விழுந்து இறந்தான். அவன் குள்ளமில்லை, பெரிய உடம்புக்காரன். கம்பி சரியாக இறங்கியதா என்று அறியும் அந்த இருக்கையின் உணரியைக் கையால் மாற்றி வைத்திருந்தார்கள். வழக்கத்தைவிட அதிக இடைவெளியோடு கம்பி நின்றபோதும் ரைடு கிளம்பிவிட்டது என்று விசாரணையில் தெரிந்தது. உயரக்கோல் தடுப்பதும் இதே இடைவெளியைத்தான், சிறிய உடம்பின் பக்கத்திலிருந்து.

எந்த வயதில் எந்தக் கோடு

பூங்காக்களில் அடிக்கடி காணும் கோடுகள் 90, 100, 110, 120, 130, 140 செ.மீ. வெளிநாட்டுப் பயணத்தில் அங்குலக் கணக்கு வரும்: 40 அங்குலம் 101.6 செ.மீ., 44 என்பது 111.8, 48 என்பது 121.9, 54 என்பது 137.2. ஒரே பெயர் கொண்ட ரைடுக்கும் ஊருக்கு ஊர் கோடு மாறும். டிஸ்னி பூங்காக்களின் ஸ்பேஸ் மவுண்டன் ஃபுளோரிடாவில் 44 அங்குலம் கேட்கிறது, கலிஃபோர்னியாவில் 40 போதும். வண்டியும் பாதையும் வேறு என்பதே காரணம்.

உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி நடு உயரம், அதாவது பாதிப் பிள்ளைகள் இதற்கு மேலும் பாதிப் பிள்ளைகள் இதற்குக் கீழும் இருக்கும் அளவு, 3 வயதில் பையனுக்கு 96.1, பெண்ணுக்கு 95.1, 5 வயதில் 110.0, 109.4, 7 வயதில் 121.7, 120.8 செ.மீ. ஆக 120 செ.மீ. கோட்டை ஒரு சராசரிப் பிள்ளை தொடும்போது ஏழாவது பிறந்தநாள் நெருங்கியிருக்கும். 130-க்கு எட்டரை வயது, 140-க்குப் பத்தரை வயது ஆகிவிடும். 'ஆறு வயசாச்சே, ஏற்ற மாட்டார்களா' என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கிளினிக்கில் தந்த 'ரோட் டு ஹெல்த்' புத்தகம் வீட்டில் இருந்தால் பழைய அளவுகள் அதில் இருக்கும். ஆனால் 2 வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் படுக்கவைத்து அளந்திருப்பார்கள். படுத்த நீளம் நின்ற உயரத்தைவிட ஏறக்குறைய 0.7 செ.மீ. கூட வரும், 90 செ.மீ. கோட்டுக்கு அந்த எண்ணை நம்பிப் போகக் கூடாது.

வீட்டில் அளக்கும் முறை

டைல்ஸ் அல்லது மரத்தரையில் நிற்க வையுங்கள். கம்பளத்தில் குதிகால் புதைந்து அளவு பிசகும். சுவரடியில் பட்டை ஒட்டியிருந்தால் குதிகால் சுவரைத் தொடாது, அதனால் கதவுச் சட்டம் நல்லது. செருப்பு, காலுறை வேண்டாம். கொண்டை, குதிரைவால், தலைமேல் கட்டிய ரிப்பன் எல்லாவற்றையும் அவிழ்த்துவிடுங்கள். காவடிக்கு மொட்டை போட்ட பிள்ளையைத்தான் மிகச் சுலபமாக, மிகச் சரியாக அளக்கலாம்.

குதிகால், பிட்டம், தோள்பட்டை, பின்தலை ஆகியவை முடிந்தவரை சட்டத்தைத் தொட வேண்டும். முகத்தை நேராக வைப்பதில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். உயரமாகத் தெரிய வேண்டும் என்று பிள்ளை மோவாயைத் தூக்கும்; தூக்கினால் உச்சி பின்னால் சாய்ந்து உயரம் குறைந்துவிடும். காதுத் துளையும் கண்குழியின் கீழ் விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றின் முதுகைச் சட்டத்தோடு ஒட்டி வைத்து, உச்சந்தலையில் முடி அமுங்கும் வரை இறக்கி, அடிப்பக்கத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். தரையிலிருந்து கோடு வரை இரும்பு டேப்பால் அளங்கள். தையற்காரரின் துணி டேப் நாளடைவில் இழுபட்டு நீண்டிருக்கும். மூன்று முறை அளந்து, மூன்றும் அரை செ.மீ.-க்குள் வந்தால் நடுவில் உள்ள எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரமும் முக்கியம். காலையில் எழுந்தவுடன் இருக்கும் உயரம் மாலைக்குள் ஒரு செ.மீ. அளவுக்குக் குறையும்; நிற்கவும் நடக்கவும் முதுகெலும்பின் வட்டுகள் அமுங்குவதால் இப்படி ஆகிறது. பூங்காவில் பிள்ளை கோலடியில் நிற்பது ஓடியாடிய பிறகுதான். ஆகவே மாலை நாலு மணிக்கு அளங்கள். அந்த அளவு கோட்டைவிட 2 செ.மீ. கூட இருந்தால் நிம்மதியாகக் கிளம்பலாம். சரியாகக் கோட்டிலேயே இருந்தால் ஒரு ஊழியர் ஏற்றுவார், இன்னொருவர் மறுப்பார். அதைப் பிள்ளையிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

பலகையைப் படிப்பது

ரைடு வாசலில் மூன்று வகை எண் இருக்கும். தனியாக ஏற வேண்டிய குறைந்த உயரம். பெரியவர் கூட வந்தால் ஏறலாம் என்ற அதைவிடக் குறைந்த உயரம். இதற்கு மேல் உயரமானவர் ஏறக்கூடாது என்ற உச்ச அளவு. மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குட்டி இரயிலில் தம்பியோடு பத்து வயது அக்காளை ஏற்ற முடியாமல் போவது அதனால்தான்.

'பெரியவர் கூட' என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். பெரியவர் அதே வரிசையில், பக்கத்து இருக்கையில் இருக்க வேண்டும். பன்னிரண்டு வயது அண்ணன் பல இடங்களில் பெரியவர் ஆக மாட்டான். வயது வரம்பைப் பலகையில் பாருங்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே கம்பி இறங்கும் ரைடு என்றால் கூடுதல் கவனம் தேவை. கம்பி அப்பாவின் தொடையில் முட்டி நின்றுவிடும்; பக்கத்தில் ஒல்லியான பிள்ளைக்கு மேலே ஒரு கை நுழையும் இடைவெளி இருக்கும். விதி அனுமதித்தாலும் குடும்பத்தில் மிக ஒல்லியானவர் கூட உட்காருவதே சரி. ஒவ்வொருவருக்கும் தனிக்கம்பி உள்ள ரைடு கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

தண்ணீர்ச் சறுக்கு

டர்பன் உஷாக்காவின் தண்ணீர்ப் பூங்கா போன்ற இடங்களில் உயர விதிக்குக் காரணம் வேறு. சறுக்கின் முடிவில் உள்ள குளத்தில் பிள்ளை காலூன்றி எழுந்து நிற்க வேண்டும். எடை குறைந்த பிள்ளை நடுக்குழாயில் நின்றுவிட்டால் பின்னால் வரும் பெரியவர் வந்து மோதுவார். கையில் மாட்டும் காற்று மிதவை போட்டுக்கொண்டு சறுக்குவதைப் பெரும்பாலும் தடுப்பார்கள். குழாயில் சிக்கும், குளத்தில் பிள்ளையைக் குப்புறவும் தள்ளும்.

பிள்ளையை மடியில் வைத்துச் சறுக்குவது பாசமாகத் தோன்றும். சாதாரணப் பூங்காச் சறுக்கிலேயே அதனால் சிறு பிள்ளைகளின் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு முறிகிறது. பிள்ளையின் கால் பக்கச் சுவரில் மாட்டி நிற்கும். பெரியவரின் எடை உடம்பைக் கீழே தள்ளிக்கொண்டே போகும். தனியாகப் போக முடியாத சறுக்கு அந்தப் பிள்ளைக்கு வேண்டாம்.

கோலடியில்

சில பூங்காக்கள் காலணியோடு அளக்கும், சில கழற்றச் சொல்லும். நுழைவில் ஒரே முறை அளந்து வண்ணக் கைப்பட்டை கட்டும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்; ஒவ்வொரு வரிசையிலும் நிற்கும் வேதனை போகும். காலணிக்குள் காகிதம் திணிப்பதும், தடித்த அடி போட்ட செருப்பும், முடியைத் தூக்கிக் கட்டுவதும் கோலை ஏமாற்றும். இருக்கை ஏமாறாது, கால் நீளமும் இடுப்பும் அப்படியேதான் இருக்கும். ஊழியர் மறுத்தால் வாதாடாதீர்கள். அவர் வளைந்து கொடுக்காமல் இருப்பதுதான் நம் பிள்ளைக்குப் பாதுகாப்பு.

கோலைத் தாண்டிவிட்டாலும் ஏற்றக்கூடாத பிள்ளைகள் உண்டு. நான்கு வயதில் 110 தொட்ட நெட்டைப் பிள்ளைக்குக் கழுத்துத் தசை நான்கு வயதுக்கு உரியதுதான், பொறுமையும் அப்படியே. வீட்டில் நாற்காலியில் முதுகை ஒட்டி, இரு கையாலும் கைப்பிடியைப் பிடித்தபடி இரண்டு நிமிடம் எழாமல் உட்காரச் சொல்லிப் பாருங்கள். முடியாவிட்டால் நிறுத்த முடியாத வண்டியிலும் முடியாது. பயந்து அழும் பிள்ளை கம்பிக்கு அடியில் நழுவி இறங்கப் பார்க்கும், அழும் பிள்ளையை ஏற்றாதீர்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள சில பிள்ளைகளுக்குக் கழுத்தின் மேல் எலும்புகள் தளர்வாக இருக்கும். உலுக்கும் ரைடுக்கு முன் மருத்துவரைக் கேட்டாக வேண்டும்.

ஏறிய பின் ஊழியர் கம்பியைத் தட்டிப் பார்ப்பார். நீங்களும் உங்கள் கையை வைத்துப் பாருங்கள்: கம்பி தொடையைத் தொடுகிறதா, முதுகு சாய்மானத்தில் இருக்கிறதா. இல்லையென்றால் கையைத் தூக்கிக் கூப்பிட்டு இறங்கிவிடுங்கள். வண்டி கிளம்பும் வரை இறங்கலாம்.

குறைந்த உயரத்தோடு திரும்பினால், 4 வயதுக்கு மேல் பிள்ளைகள் ஆண்டுக்கு ஏறக்குறைய 5 முதல் 7 செ.மீ. வளர்கிறார்கள். 3 செ.மீ. குறைந்தவனுக்கு ஐந்து முதல் ஏழு மாதம் ஆகலாம். டிசம்பரில் 117 என்றால் ஜூன், ஜூலை பள்ளி விடுமுறைக்கு முன் அதே கதவுச் சட்டத்தில் மறுபடி அளந்துவிட்டு டிக்கெட் வாங்குங்கள்.